கழன்றுகொண்டே இருந்த செயின்: ஒரு பொங்கல் வார நாட்குறிப்பு

2024 ஜனவரி 6, சனி

கோத்தகிரியில் இன்று மூன்று முறை சைக்கிள் செயின் கழன்றது. தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதை. வழியெல்லாம் வேரும் கல்லும். முதல் முறை கால் வெறும் காற்றை மிதித்தது, முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. இரண்டாம் முறை செயின் உள்பக்கம் விழுந்து, பெடலைத் தாங்கும் கிராங்குக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கி, அந்த இடத்துப் பெயிண்டைத் தின்றுவிட்டது. அதை அவசரமாக மாட்டி இருபது அடி போவதற்குள் மூன்றாம் முறை. கொழுந்து எடை போடும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, "பஸ்ஸிலேயே போயிருக்கலாமே கண்ணு" என்றார். மச்சான் சிரித்தான். காரில் கோவை வந்து சேரும் வரை சிரித்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

தீபாவளிக்கு முன்பு முன்னால் இருந்த 42, 32, 24 பல் சக்கரங்கள் மூன்றையும் கழற்றிவிட்டு, 32 பல் ஒற்றைச் சக்கரம் போட்டேன். கூடவே, செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டெரெய்லரையும் எடுத்துவிட்டேன். கியர் மாற்றுவதுதான் அதன் வேலை என்று நினைத்திருந்தேன். செயினின் இரு பக்கமும் வேலி போல நின்று காத்ததும் அதுதான் என்பது அது போன பிறகு புரிகிறது. அதன் திருகுகளை இறுக்கி, நகராமல் வைத்தே காவலுக்கு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டாகிவிட்டது.

ஒற்றைச் சக்கரத்துக்கு வேலி வேண்டாம் என்ற பேச்சு 2012-இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 என்ற கியர் தொகுப்பு வந்தபோது பரவியது. செயினில் உள்கண்ணியின் இடைவெளி குறுகல், வெளிக்கண்ணியின் இடைவெளி அகலம். அதற்கேற்ப ஒரு பல் மெலிதாகவும் அடுத்த பல் தடியாகவும் வெட்டிவிட்டால் செயின் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சக்கரங்களில் பற்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபாதி பின் டெரெய்லரில் இருக்கிறது: செயின் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச். என் டெரெய்லர் அதற்கு முந்திய தலைமுறை, வெறும் ஸ்பிரிங்தான். பாதி மருந்தைச் சாப்பிட்டுவிட்டு நோய் போகவில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

ஆக, செயின் கழலாமல் முன் சக்கரத்தின் மேல் கூண்டு போல நின்று காக்கும் செயின் கைடு வேண்டும். சட்டத்தில் கிராங்க் அச்சைச் சுற்றி மூன்று துளைக் காதுகள் இருந்தால் அந்தத் துளைகளில் பொருந்தும் ஐ.எஸ்.சி.ஜி. 05 என்ற வகையைப் பூட்டலாம். டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. கிராங்க் அச்சின் பேரிங் கப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் தகடு கொடுத்து மாட்டும் வகையும் உண்டு. அதற்குக் கிராங்கைப் பிடுங்க வேண்டும், கப்பைக் கழற்ற வேண்டும். வலப்பக்கக் கப்பின் மரை வேறு தலைகீழானது. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். அந்தக் கருவிகள் என்னிடம் இல்லை. சீட்டுக் குழாயைக் கவ்வும் கிளாம்ப் வகைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

பார்சல் வந்தது. கிளாம்ப் குழாயில் தொளதொளவென்று ஆடுகிறது. விற்பனைப் பக்கத்தில் "பெரும்பாலான சைக்கிள்களுக்குப் பொருந்தும்" என்று எழுதியிருந்ததை நம்பியவன் நான். இப்போதுதான் நூலைச் சுற்றி அளந்தேன்: சுற்றளவு சரியாகப் பத்து சென்டிமீட்டர். பை (3.14) என்ற எண்ணால் வகுத்தால் விட்டம் 31.8 மில்லிமீட்டர். கிளாம்ப் 34.9. குளிர்பானக் கேனை வெட்டிச் சுற்றலாம் என்றான் மச்சான். அந்தத் தகடு காகிதம் போல இருக்கிறது, எத்தனை சுற்று சுற்றுவது?

ஜனவரி 13, சனி

கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். நான் தசமத்தில் அளவு சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கையமர்த்தினார். "குழாய் ஒன்றேகால் அங்குலம். கிளாம்ப் ஒன்றேகாலே அரைக்கால். நடுவில் ஒரு நூல். பக்கத்துக்கு அரை நூல் தடிமனில் ஒரு புஷ் வேண்டும், அவ்வளவுதானே தம்பி?" நூல் என்று அவர் சொன்னது அரைக்கால் அங்குலத்தை, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை; புஷ் என்றது இடைவெளியை நிரப்பும் வளையத்தை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. மில்லிமீட்டரில் அர்த்தமில்லாமல் தெரிந்த எண்களுக்குள் பழைய அங்குலம் ஒளிந்திருக்கிறது. ஆனால் பட்டறைப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். "பொங்கல் முடிந்து வியாழக்கிழமை வாருங்கள்" என்றார்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். அக்கா மகள் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். அதைத் துடைக்காமல் செயினை மட்டும் துடைக்க உட்கார்ந்தபோதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, தடிப்பல்லின் மேல் உள்கண்ணியை வைத்தால் செயின் உட்காராது, பல்லின் தலையிலேயே நிற்கும். வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்த்தேன். கையால் பெடலைச் சுற்றியதும் கழன்று விழுந்தது. அன்று கோத்தகிரியில் மூன்றாம் முறை கழன்றதற்குப் பாதையின் மேல் பழி போட்டது அநியாயம்.

இரண்டாவதுதான் வெட்கக்கேடு. சக்கரத்தை மாற்றினேனே தவிர செயினை வெட்டவில்லை. 42 பல்லைச் சுற்றிவர அளந்த செயின் 32 பல்லில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டெரெய்லரைத் தவிர்த்துவிட்டு முன் சக்கரத்திலும் பின்னால் இருப்பதில் பெரிய 36 பல்லிலும் சுற்றி இழுத்து, அதற்கு மேல் இரண்டு கண்ணிகள் விட்டு எண்ணினேன். நான்கு கண்ணிகள் அதிகம், அதாவது இரண்டு அங்குலம். இரண்டு மாதமாகச் செயின் கீழே ஊஞ்சலாடியிருக்கிறது. வெட்டி, குயிக் லிங்க் என்ற இணைப்புக் கண்ணியைப் போட்டு இணைத்தேன். டெரெய்லர் இப்போது விறைப்பாக நிற்கிறது.

ஜனவரி 17, புதன்

கைடு இல்லாமலே அதே பாதை. காணும் பொங்கல் கூட்டத்தில் மலைச்சாலை ஊர்ந்தது, சைக்கிள் ஓட்டிய நேரத்தைவிடக் காரில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். மூன்று முறை இறங்கியதில் ஒரே ஒரு முறைதான் கழன்றது. பெடல் மிதிக்காமல் கற்கள் மேல் இறங்கிவிட்டு, கீழே போய் மறுபடி மிதித்த கணத்தில். துள்ளிய செயின் பல்லில் சரியாகப் படியாமலே மேல்பக்கம் வந்து ஏறுகிறது போலும். மிதிக்கும்போது செயின் சக்கரத்துக்குள் நுழைவது மேலேதான். கைடின் கூண்டு அந்த இடத்தில் காவல் நிற்பதன் காரணம் இப்போது விளங்குகிறது. செயினை வெட்டியதோடு விட்டுவிடலாமா என்று சற்று யோசித்தேன். முழங்கால் வேண்டாம் என்றது.

ஜனவரி 18, வியாழன்

அலுமினியத்தில் புஷ் தயார். கடைந்து, ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, விளிம்பை அரம் போட்டு மழுங்கடித்துக் கொடுத்தார். "புஷ்ஷின் வாயும் கிளாம்ப்பின் வாயும் ஒரே பக்கம் வரக் கூடாது, பிடிக்காது" என்று இரண்டு முறை சொன்னார். 150 ரூபாய். கைடு என்ன விலை என்று கேட்டார், பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே தலையில் கை வைத்தார்.

ஜனவரி 20, சனி

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது பதினொன்றரைக்கு முடிந்தது. புஷ்ஷும் கிளாம்ப்பும் பத்து நிமிட வேலை. மீதி நேரம் முழுவதும் ஒரு மில்லிமீட்டரோடு மல்லுக்கு நின்றேன். உயரம் சுலபம்: பல் நுனிக்கும் கூண்டுக்கும் இடையில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். தொல்லை பக்கவாட்டில்தான். பின்னால் 36 பல்லில் போட்டால் செயின் உள்ளே சாய்ந்து கூண்டின் உள்தகட்டை உரசுகிறது. உள்ளே தள்ளி வைத்தால், 11 பல்லில் வெளித்தகட்டை உரசுகிறது. வாஷரை எடுப்பதும் போடுவதுமாக இருந்து, கடைசியில் இரண்டுக்குப் பதில் ஒன்று வைத்ததும் இரு பக்கமும் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

கிளாம்ப்பின் மேல் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கிறது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சை மச்சானிடம் இரவல் வாங்கினேன். கைப்பக்குவத்தை நம்பி மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்க மனம் வரவில்லை. போல்ட்டின் தலை பின் டயரைப் பார்த்து நின்றதால் எல்லாவற்றையும் தளர்த்தி, பக்கமாகத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 21, ஞாயிறு

அதே பாதை, ஐந்து இறக்கங்கள். செயின் கழலவில்லை. ஐந்தாவதில் வேண்டுமென்றே கற்கள் நடுவில் மிதித்தும் மிதிக்காமலும் இறங்கினேன். கூண்டுக்குள் படபடவென்று தட்டிவிட்டு அடங்கிப்போனது. சேறு சேர்ந்தால் உரசல் சத்தம் வருகிறது, தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. கொட்டகை அம்மா இன்று இல்லை.

வரும் வழியில் பெரியவர் வீட்டில் சைக்கிளைக் காட்டினேன். புஷ்ஷை விட்டுவிட்டுக் கைடின் பிளாஸ்டிக் கூண்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இது தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி, கொண்டுவாருங்கள். நைலானில் வெட்டித் தருகிறேன்" என்றார்.