இடது காதுதான் முதலாளி

நான் இடதுகைக்காரி. அதை ஏன் முதல் வரியிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் மகன் எனக்கு ஒரு ஜோடி இயர்பட்ஸ் வாங்கித் தந்தான். நடுவில் ஒயரே கிடையாது. காதுக்கு ஒன்று, இரண்டையும் போட்டு வைக்க ஒரு டப்பா, அவ்வளவுதான். வீட்டுக்குள் அது ராஜா மாதிரி வேலை செய்தது. போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டு, இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பாட்டுக் கேட்பேன். ஒரு சொல் விடுபடாது. ஆனால் காலையில் மைதானத்தில் நடக்கப் போனால் வலது காது மட்டும் திக்கும். போன் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது, காதுக்கும் அதற்கும் மூன்றடிகூட இருக்காது. இரண்டு சுவர் தாண்டி வந்த பாட்டுக்கு இந்த மூன்றடி ஏன் எட்டவில்லை?

மகனிடம் சொன்னேன்.

"எந்தப் பாக்கெட்ல போன் வெச்சிருக்கீங்கம்மா?"

"இடது."

"வலதுல மாத்தி வைங்க, சரியாயிடும்."

மறுநாள் மாற்றி வைத்தேன். இப்போது இரண்டு காதும் சேர்ந்து திக்கியது.

அவன் சொன்னது நியாயமான யோசனைதான். வலது காது திக்கினால் போனை வலது பக்கம் கொண்டுபோக வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஏன் இன்னும் கெடுதலாகப் போனது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்றாம் நாள் போனைத் திரும்பவும் இடதில் வைத்தேன். இடது காது சுத்தமாகப் பாடியது, வலது பழையபடி திக்கியது. சரி, இதில் ஏதோ இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் மைதான விஷயம். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும், நம் உடம்போ பெரும்பாலும் தண்ணீர். போனிலிருந்து கிளம்பும் சக்தி சில மில்லிவாட். இடுப்பையும் நெஞ்சையும் தலையையும் துளைத்துக்கொண்டு போக அது போதாது. அப்படியானால் வீட்டில் எப்படி வேலை செய்தது? சுவர், கூரை, பீரோ எல்லாவற்றிலும் மோதித் திரும்பி, உடம்பைச் சுற்றிக்கொண்டு காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் இடைஞ்சல் என்று நான் நினைத்த சுவர்களே அதற்கு வழி. வெட்டவெளியில் மோதித் திரும்ப எதுவும் இல்லை. போன அலை போனதுதான்.

அடுத்தது, ஏன் வலது மட்டும். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது.

ப்ளூடூத்தில் பாட்டு அனுப்புவதற்கென்று உள்ள விதிமுறைக்கு ஏ2டிபி என்று பெயர். 2003ல் வந்தது. அனுப்புபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அப்போது ஹெட்போன் என்றால் தலைக்கு மேல் ஒரு பட்டை இருக்கும், இல்லாவிட்டால் கழுத்தில் ஒரு ஒயராவது தொங்கும். ஒரு ரேடியோ வாங்கினால் போதும், மற்ற காதுக்கு ஒயர் வழியே போய்விடும். அந்த ஒயரையும் வெட்டிவிட்டால்? போனுக்கு இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பாடத் தெரியாது. காதில் இருப்பது ஒரே ஹெட்செட் என்று அதை நம்ப வைத்தாக வேண்டும்.

என்னுடைய ஜோடியில் செய்திருந்த வேலை இது: ஒரு காது முதலாளி. போனோடு பேசுவது அது மட்டும்தான். இரண்டு காதுக்குமான முழுப் பாட்டையும் அது வாங்கி, தன் பங்கை வைத்துக்கொண்டு, மற்றதை அடுத்த காதுக்கு இன்னொரு ப்ளூடூத் இணைப்பில் தள்ளிவிடும். அந்த இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பது என் தலை. தண்ணீர்ப் பானை.

இப்போது என் மூன்று நாள் சோதனையைப் பாருங்கள். முதலாளி இடது. போன் இடது பாக்கெட்டில் இருந்தபோது இடது காதுக்கு நேர் வழி, அதனால் சுத்தம். வலது காதுக்கு வரவேண்டியது தலையைத் தாண்ட வேண்டும், அதனால் திக்கல். போனை வலதுக்கு மாற்றியதும் இடது காதுக்கே பாட்டு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தனக்கே வராததை அது எப்படி அடுத்தவருக்குக் கொடுக்கும்? போன் பக்கத்திலேயே இருந்தும் வலது காது அதை நேராகக் கேட்கவே இல்லை.

அப்புறம் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. எப்போதும் இடது காதின் பேட்டரிதான் முதலில் தீரும். வலதில் பாதி மிச்சம் இருக்கும்போது இடது சிணுங்க ஆரம்பித்துவிடும். வாங்குவதும் அனுப்புவதும் அதன் தலையில்தானே.

சரி, இடது ஏன் முதலாளி ஆனது? என் ஜோடியில், டப்பாவிலிருந்து எது முதலில் வெளியே வருகிறதோ அதுதான் முதலாளி. நான் இடதுகைக்காரி. மூன்று வருடமும் இடதைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். போனையும் இடது பாக்கெட்டில்தான் வைத்திருக்கிறேன். அதுவாவது நல்லதாகப் போயிற்று.

இந்தக் கைமாற்று முறை மட்டும்தான் வழி என்றில்லை. சில தயாரிப்பாளர்கள் காதுக்கும் காதுக்கும் நடுவில் ரேடியோவை விட்டுவிட்டுக் காந்தப் புலத்தைப் பயன்படுத்தினார்கள். காது கேட்கும் கருவிகளில் ஏற்கெனவே இருந்த உத்திதான். 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் அந்தப் புலத்துக்குத் தலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்குத் தனிச் சுருள், தனிச் சிப் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டுக்கேட்கும் முறை. போன் முதலாளிக் காதோடு பேசிக்கொண்டிருக்கும். இரண்டாவது காது சத்தமில்லாமல் பக்கத்தில் நின்று அதே பேச்சைக் கேட்டுக்கொள்ளும். போனுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ப்ளூடூத்தை ஒட்டுக்கேட்பது லேசு அல்ல. அது ஒரே அலைவரிசையில் நிற்காது. 2,402 முதல் 2,480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்கள். விநாடிக்கு 1,600 முறை வரை தடம் விட்டுத் தடம் தாவும். வைஃபை நெரிசல் இருக்கும் தடங்களைத் தவிர்த்துவிட்டும் தாவும். எந்த வரிசையில் தாவுவது என்பது போனின் முகவரியையும் அதன் கடிகாரத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதோடு பேச்சு பூட்டுப் போட்டுத்தான் போகும். ஆகவே முதலாளிக் காது அந்த வரிசையையும் சாவியையும் தன் ஜோடிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. இரண்டாவது காது ஏதாவது ஒரு துண்டைத் தவறவிட்டால் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாட்டு முழுவதும் தலையைக் கடக்க வேண்டியதில்லை, விட்டுப்போன துணுக்குகள் மட்டும் கடந்தால் போதும்.

2020ல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோவில் இந்த நாடகம் எதுவும் தேவையில்லை. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று போனே இரண்டு ஓடைகளாக அனுப்பும். போனும் இயர்பட்ஸும் இரண்டுமே அதற்குத் தயாராக இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

பாட்டு எந்த வழியாக வந்தாலும் இன்னொரு தொல்லை பாக்கி இருக்கிறது. இரண்டு காதும் ஒரே கணத்தில் பாட வேண்டும். ஒரே கணம் என்றால் எவ்வளவு ஒரே கணம்? மனிதக் காது பொல்லாதது. ஒரு சத்தம் ஒரு காதுக்கு 10 மைக்ரோ விநாடி முந்தி வந்தாலே, நல்ல காதாக இருந்தால், திசை மாறியது தெரியும். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் தலையைச் சுற்றி மறு காதுக்குப் போக எடுக்கும் நேரமே அரை மில்லி விநாடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு காதிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் கடிகாரமாகத் துடிக்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரிச் சாமானுக்கு அது சாதாரணம். விநாடிக்கு 20 மைக்ரோ விநாடி. ஒன்றுமில்லை போலத் தெரியும். இரண்டு காதுக்கும் அந்த அளவு வித்தியாசம் இருந்தால் அரை நிமிடத்தில் 0.6 மில்லி விநாடி ஆகிவிடும். பாட்டு தொடங்கும்போது நடு மண்டையில் நின்ற பாடகர், பல்லவி முடிவதற்குள் நகர்ந்து நகர்ந்து ஒரு காதுக்குள் போய் ஒடுங்கிவிடுவார். விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி. பிறகு ஒரு காது பாட, மறு காது பின்பாட்டுதான்.

அப்படி நடப்பதில்லை. இரண்டும் தங்கள் கடிகாரத்தை நம்பாமல், வரும் ஒவ்வொரு துண்டையும் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. 'இந்தத் துண்டை இத்தனையாவது துடிப்பில் பாடு' என்று இரண்டுக்கும் ஒரே ஒப்பந்தம். பாடகர் நடு மண்டையிலேயே நிற்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த நாளில், கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டுமே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒப்பந்தம் நடக்கக் கையிருப்பு வேண்டும். வந்த பாட்டை உடனே பாடாமல் நூறு, இருநூறு மில்லி விநாடிக்கு ஆகும் அளவைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடும். வழியில் தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்க அதுதான் அவகாசம். கையிருப்பு காலியானால் நமக்குக் கேட்பது அந்தத் திக்கல். படம் பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. அதற்கேற்ப ஆப் காட்சியையும் தாமதப்படுத்திவிடும். கேமில் அது முடியாது, பொத்தானை அமுக்கியதும் காட்சி மாறியாக வேண்டும். மகன் கேம் ஆடும்போது மட்டும் பழைய ஒயர் போட்டதைத் தேடுவதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் என்னிடம் கேட்டது. பாட்டு அருமையாகக் கேட்கிறது, கால் வந்தால் மட்டும் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது? சிடி தரத்துப் பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட். ஏ2டிபியில் பாட்டு அனுப்பும், வாங்கும் எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி என்ற சுருக்கும் முறை அதை வழக்கமான நல்ல தரத்தில் 328 கிலோபிட்டாக மடித்து அனுப்புகிறது. மடித்த சட்டைதான், ஆனாலும் போட்டுக்கொள்ளலாம். மைக் திறந்ததும் கதை மாறுகிறது. பேச்சு இரு பக்கமும் தாமதமில்லாமல் போக வேண்டும் என்பதால் வேறு விதிமுறைக்குத் தாவிவிடும். அதில் ஒலியை வழக்கமாக விநாடிக்கு 16,000 முறைதான் அளந்து அனுப்பும், பழைய வகையானால் வெறும் 8,000. பாட்டுக்கு 44,100. உங்கள் இயர்பட்ஸ் கெட்டுப்போகவில்லை.

போன மாதம் இடது காது செத்தது. எதிர்பார்த்ததுதான். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி 50 மில்லியாம்பியர் மணி பக்கம். 5,000 உள்ள போன் பேட்டரியில் நூற்றில் ஒரு பங்கு. ஓய்வு என்று டப்பாவில் வைத்தால் அங்கேயும் நூறு சதவீதத்துக்கு நிரப்பி நிரப்பி வைக்கிறோம். லித்தியத்துக்கு அது பிடிக்காது. அதோடு முதலாளி வேலை வேறு. செத்துவிட்டதா, டப்பாவின் ஊசிமுனைகளில் காது அழுக்குப் படிந்து சார்ஜ் ஏறவில்லையா என்று முதலில் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். (நீங்களும் தூக்கிப் போடுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள்.) செத்துத்தான் இருந்தது.

முழுக்க ஓய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு பிளேடால் பிரித்தேன். பேட்டரியைக் கீறினால் தீப்பிடிக்கலாம், ஆகவே இதை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. திருகாணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் பசை. பேட்டரி மாற்றுவதற்கு வழியே வைக்கவில்லை, இதில் எனக்குக் கோபம்தான். உள்ளே ஒரு காசு வடிவப் பேட்டரி. சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பலகை. ஓரமாக ஒட்டியிருந்த நாடா போன்ற ஆன்டெனா. முன்னால் வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு, அதன் பின்னால் கம்பிச்சுருள், காந்தம். மேஜையில் கிடந்த தையல் ஊசி தானாக வந்து அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு வம்புக்கும் பிறகு கடைசியில் பாடுவது அந்தச் சவ்வு முன்னும் பின்னும் அசைவதுதான்.

இப்போது புது ஜோடி வந்திருக்கிறது, ஒட்டுக்கேட்கும் ரகம். போன் எந்தப் பாக்கெட்டில் இருந்தாலும் மைதானத்தில் அநேகமாகத் திக்குவதில்லை. எதை முதலில் கழற்றினாலும் மற்றது பாடிக்கொண்டே இருக்கிறது.

பழைய வலது காதை எறியவில்லை. டப்பாவிலிருந்து தனியாக எடுத்தால் போனோடு நேராகவே சேர்ந்துகொள்கிறது. மூன்று வருடம் எடுபிடியாக இருந்ததால் அதன் பேட்டரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்து ஒற்றைக் காதில் பேச்சுக் கேட்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.