இரவில் ஓடும் சீக்குவென்ஸ்

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், லேப்பில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி எச்பிஎல்சியில் (மருந்தில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) சீக்குவென்ஸை, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டிய சாம்பிள்களின் பட்டியலை, போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி" என்று சொல்லி, இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். 60 இன்ஜெக்‌ஷன், ஒவ்வொன்றும் 15 நிமிடம். மொத்தம் 15 மணித்தியாலம். நிமிடத்துக்கு 1 மில்லிலீட்டர் என்றால் 900 மில்லிலீட்டர் மொபைல் ஃபேஸ், அதாவது கருவிக்குள் ஓடும் திரவம், வேண்டும். போத்தலில் இருந்தது அரை லீட்டர்தான்! நடுச்சாமத்தில் பம்ப் காற்றை இழுத்திருக்கும்.

அப்புறம் வரிசை. முதலில் பிளாங்க் (மருந்து இல்லாத வெறும் திரவம்), பிறகு ஒரே ஸ்டாண்டர்ட் (மருந்தின் அளவு தெரிந்த கரைசல்) 5 அல்லது 6 தடவை. வரைபடத்தில் எழும் பீக்கின் பரப்பு தடவைக்குத் தடவை எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதைச் சொல்லும் ஆர்எஸ்டி வரம்புக்குள் இருந்தால்தான் சாம்பிள்களை நம்பலாம். இடையிலும் கடைசியிலும் ஸ்டாண்டர்ட் வேண்டும், இல்லாவிட்டால் இரவில் கருவி விலகிப்போனது எப்படித் தெரியும்? முடிவில் கொலம்னை (மருந்தைப் பிரிக்கும் குழாய்) கழுவி லாம்பை அணைக்கும் மெதட்.

வயல்களின், அதாவது சாம்பிள் இருக்கும் சின்னக் குப்பிகளின், இடங்களைத் திரையை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் ட்ரேயில் தொட்டுப் பாருங்கள். இடம் மாறினாலும் குரோமட்டோகிராம் (கருவி தரும் வரைபடம்) அழகாகத்தான் வரும், ஆனால் முடிவு வேறொரு தொகுதி மருந்தின் பெயரில் போய்விடும்.

ஏழு மணி பஸ்ஸில்தான் போனோம். இன்று காலை 60 இன்ஜெக்‌ஷனும் ஒழுங்காக முடிந்திருந்தன. தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!