ஏற்காட்டு மழையை 1 கி.மீ. கட்டத்தில் ஓட்டும்போது

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. நேர்கோட்டில் அளந்தால் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. 25 கி.மீ.க்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டுக் கணினியில் கணக்கிடும் உலக வானிலை மாதிரிக்கு, சேலம் நகரின் அஸ்தம்பட்டியும் ஏற்காடு ஏரியும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே சராசரி உயரம். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தூக்கிவிட அங்கே மலையே இல்லாதபோது மழைக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? மலையில் கொட்டுவது திருமணிமுத்தாறு வழியாக நகருக்குள்தான் இறங்குகிறது. அதனால் இது வெறும் ஆய்வுக்கூடப் பிரச்சினை இல்லை. மலை தெரிய வேண்டுமானால் 1 கி.மீ. கட்டத்தில் ஓட்ட வேண்டும், அதற்குப் பெரிய கணினி வேண்டும்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய இயந்திரம் திருச்சி என்.ஐ.டி.யின் பரம் பொருள். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கத்தில் 2022இல் வந்தது, 838 டெராஃப்ளாப் (விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) வேகம். இதுபோன்ற இயந்திரத்தில் ஓட்ட அனுமதி கிடைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கோர் (கணக்குப் போடும் செயலி அலகு) போடலாம்?" என்றுதான். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல, கட்டத்தில் மலை எங்கே விழுகிறது என்பதுதான்.

ஒரு வட்டாரத்தின் வானிலையை நுணுக்கமாகக் கணக்கிடும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியில் 9, 3, 1 கி.மீ. கட்டங்கள் கொண்ட மூன்று பெட்டிகளை, அதாவது கணக்கிடும் பரப்புகளை, ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பது வழக்கம். உள்பெட்டிக்கு 151க்கு 151 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டை நட்டநடுவில் வைத்து வரைந்தால் மேற்கு எல்லை பர்கூர் மலைப்பக்கம் ஏறிவிடும், வடக்கு எல்லை ஜவ்வாது மலையை வெட்டும். எல்லைக்கோடு செங்குத்துச் சரிவில் விழுந்தால், வெளிப்பெட்டியின் மழுங்கிய மலையும் உள்பெட்டியின் கூரான மலையும் ஒட்டாமல் அந்த ஓரத்தில் பொய்க்காற்றும் பொய்மழையும் கிளம்பும். பெட்டியைச் சற்றே தென்கிழக்காகத் தள்ளி, மேற்கு எல்லையை எடப்பாடிச் சமவெளியில் விடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வரும் திசையில் கூடுதல் இடமும் கிடைக்கும். நில உயரத்தைக் கட்டத்தில் பதிக்கும் ஜியோகிரிட் நிரல் முடிந்த கையோடு உயரப் படத்தைத் திறந்து, ஏற்காட்டுப் புள்ளியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 800 என்றால் மேற்கொண்டு ஓட்டுவது வீண்.

இப்போது கோர் கணக்கு. பெட்டியைத் துண்டு துண்டாக்கி, கோருக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துக்கு 10 புள்ளிக்குக் குறையக் கூடாது. இயந்திரத்துக்குள் இருக்கும் தனிக் கணினியான நோடுக்கு 48 கோர் என்றால் 3 நோடில் 144 கோர். பெட்டி 12க்கு 12 ஆகப் பிரியும், உள்பெட்டியில் துண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஆனால் எல்லாப் பெட்டிகளும் அதே 144ஆகத்தான் பிரியும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளிப்பெட்டியை 100க்கு 100 என்று வைத்திருந்தால் துண்டுக்கு 8 புள்ளிதான் வரும், ஓட்டம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதை 121 ஆக்குங்கள். நோடுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் வேகம் கூடாது. துண்டு சிறுத்தால் கணக்குப் போடும் நேரத்தைவிடப் பக்கத்துக் கோரோடு ஓர எண்களைப் பரிமாறும் நேரம்தான் மிஞ்சும்.

கட்டத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், அதே பரப்புக்கு வேலை 27 மடங்கு. புள்ளிகள் ஒன்பது மடங்கு, காலப்படியும் (ஒவ்வொரு முறையும் கணக்கு முன்னேறும் நேரம்) மூன்றில் ஒன்றாகக் குறைய வேண்டும். கி.மீ.க்கு 6 விநாடி என்பது பொதுக் கணக்கு, 9 கி.மீ.க்கு 54. நம் மலைச்சரிவில் அது பெரும்பாலும் தாங்காது. ஓட்டம் பாதியில் விழுந்தால் பிழைக் கோப்பில் 'சி.எஃப்.எல்.' என்று தேடுங்கள். ஒரு காலப்படிக்குள் காற்று ஒரு கட்டத்தையே தாண்டிவிட்டது என்று பொருள். 54ஐ 45 அல்லது 36 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 6 மணி நேரத்துக்கொருமுறை, அப்போதைய நிலையைச் சேமிக்கும் ரீஸ்டார்ட் கோப்பு எழுதச் சொல்லியிருந்தால், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடரலாம். அந்தக் கோப்புகளை ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்திலேயே விட்டுவைக்காதீர்கள், பழையவை பெரும்பாலும் தானாக அழிந்துவிடும்.

சோதித்துப் பார்க்க நல்ல நிகழ்வு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கொட்டிய மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது, ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்தது. ஓட்டத்தின் முதல் 6 முதல் 12 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாதிரி நிலைக்கு வர அவ்வளவு ஆகும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது, அதாவது உலக நேரப்படி 03 மணி. 00 மணிக்கு 00 மணி என்று கூட்டி ஒப்பிட்டால், விடிகாலையில் பெய்த 3 மணி நேர மழை வேறு நாளில் போய் விழும். வெளியீட்டை மணிக்கொருமுறை எழுதவைத்தால் இந்தச் சிக்கல் வராது.