பெயர் எழுதிக்கொள்ளாத சமையற்கூடம்

மலேசியாவில் தொண்டூழியம் என்றாலே படிவம், சட்டை, நற்சான்றிதழ், இறுதியில் ஒரு குழுப்படம் என்று பழகிவிட்ட எனக்கு, சீக்கியர்களின் அமிர்தசரஸ் பொற்கோயிலில் எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் லங்கர் என்ற சமையற்கூடம் முற்றிலும் வேறோர் ஏற்பாடாகத் தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, காலணியைக் கொடுத்துவிட்டு, வாயிலில் ஓடும் நீரில் கால் நனைத்து உள்ளே வரும் எவரும் பூண்டு உரிப்பவர்களின் நடுவே உட்கார்ந்துகொள்ளலாம். ஊரைக் கேட்பார்கள், சம்பளத்தைக் கேட்பார்கள், இன்னும் ஏன் திருமணம் ஆகவில்லை என்று தயங்காமல் கேட்பார்கள். எதற்காகச் சேவைக்கு வந்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சாதாரண நாள்களிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடும் இடம் இது. விழா நாள்களில் அந்த எண்ணிக்கை 1 இலட்சத்தைத் தாண்டும். பெரிய அண்டாக்களைக் கவனிக்கச் சம்பளப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நறுக்குவது, ரொட்டி தேய்ப்பது, பரிமாறுவது, தட்டு கழுவுவது ஆகியவற்றில் பெரும்பகுதியை அன்றன்று வருபவர்களே செய்து முடிக்கிறார்கள். ரொட்டிக்கு இயந்திரமும் உண்டு. ஆனாலும் கையால் தேய்க்கும் பெண்கள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. தட்டு கழுவும் இடத்தின் ஓசையைக் கேட்டால்தான் நம்ப முடியும். நீளமான தொட்டிகளின் இருபுறமும் தோளோடு தோள் உரச நிற்பவர்கள் எஃகுத் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து அடுத்த தொட்டிக்குத் தள்ள, அருகில் நிற்பவரின் பேச்சுகூடக் காதில் விழாது. பந்தியில் ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். பிரசாதமாகக் கருதப்படுவதால் யாரும் அதைத் தட்டில் எறிவதில்லை.

எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இவ்வழக்கம் குரு நானக் தொடங்கியது. மூன்றாம் குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருபவர்கள் முதலில் பந்தியில் அமர வேண்டும் என்று விதித்தார் என்றும், பேரரசர் அக்பரும் அவ்வாறே அமர்ந்தார் என்றும் சீக்கிய மரபு கூறுகிறது. அந்த விதியின் வலிமை எனக்குச் சாப்பாட்டுக் கூடத்தைவிடக் காலணிக் காப்பகத்தில்தான் நன்றாகப் புலப்பட்டது. பிறர் செருப்பைத் தொடுவதை இழிவாக எண்ணும் சமூகத்திலிருந்து வந்தவள் நான். அங்கோ விலையுயர்ந்த கைக்கடிகாரம் கட்டிய கனவான்கள், முன்பின் அறியாதவர்களின் செருப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் வைத்து அங்கே சமத்துவம் முழுமையாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். திருக்குளத்தைச் சுற்றிய பளிங்குக் கற்களில் கொடையாளர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன (நம் கோயில் டியூப்லைட்டுகளைப் பழிப்பவர்கள் சற்று ஆறுதல் அடையலாம்). பஞ்சாபின் பல கிராமங்களில் தலித் மக்களுக்கெனத் தனிக் குருத்வாராக்கள், அதாவது சீக்கிய வழிபாட்டு இடங்கள், இருக்கின்றன. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பைப் பல்லக்கில் சுமந்து வரும் சேவையில் நான் பெண்களைப் பார்க்கவில்லை. கோயிலை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டிக்கு 1999-இலேயே பீபி ஜாகிர் கௌர் என்ற பெண்மணி தலைவராகியிருந்தும், பல்லக்கைச் சுமக்கும் உரிமைக்கான பெண்களின் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

லூதியானாவிலிருந்து மாதந்தோறும் பேருந்தில் வரும் ஒரு பாட்டியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இதைப் பற்றிக் கேட்டேன். "அதைக் கமிட்டிக்காரர்களிடம் போய்ச் சத்தமாகக் கேள், மகளே. நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றவர், உரிக்க வேண்டிய பூண்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.