கேட்டில் நின்ற கார்

இன்று காலை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எங்களுக்கு முன்னால் நின்றது, சித்தப்பா விற்ற கார். மேலே கேரியரில் உர மூட்டைகள்.

பாதிப் பணம் கையில், மீதி மாதத் தவணை என்று பேச்சு. கொஞ்ச நாள் ஒழுங்காக வந்தது. அப்புறம் "குறுவை அறுத்ததும் தர்றேண்ணே". குறுவை முடிந்து சம்பா நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது.

சித்தப்பா இறங்கவே இல்லை. "ரோட்டுல வச்சு எப்படிடா கேக்குறது?"

கொடுத்தவர் கூச்சப்படுகிறார், தர வேண்டியவர் கையாட்டிவிட்டுப் போகிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் டைரியை வாங்கிப் பார்த்தேன். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் எதிரே அந்த ஆளின் கையெழுத்து, தேதியோடு. நீல மை, கடைசி ஒன்று மட்டும் பென்சில்.

இது பெரிய பலம். பணம் கேட்டு வழக்குப் போட 1963 காலவரையறைச் சட்டம் தருவது 3 ஆண்டு. அதற்குள் ஒரு தவணை கட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ஆனால் ஆர்சி இன்னும் சித்தப்பா பெயரில். வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்டஈட்டுக்கு இவரைத்தான் பிடிப்பார்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

நாளை மன்னார்குடியில் வக்கீலைப் பார்க்கிறோம். முதலில் நோட்டீஸ்.

"பாவம்டா, தெரிஞ்ச பையன்" என்கிறார் சித்தப்பா, இப்போதும்.