கல்லறைத் தோட்டத்தில் மரத்தூர் எடுத்த அனுபவம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரமும் ஒரு வேம்பும் சாய்ந்தன. அறுத்து விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூர் இரண்டும் நான்கு வருடம் அப்படியே கிடந்தன. வேம்பு சும்மா கிடக்குமா? மழைக்கு மழை சுற்றிலும் துளிர்த்தது, பக்கத்துக் கல்லறையின் சிமெண்டுத் திண்டிலும் விரிசல். 2022 கல்லறைத் திருநாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்குப் பேரவையில், அதாவது எங்கள் தேவாலயத்தின் ஆலோசனைக் குழுவில் பேசி, பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

வயலாக இருந்தால் ஜேசிபிக்கு அரை மணி நேர வேலை. இங்கே அது ஆகாது. வேர் குழிகளுக்குள் இறங்கியிருக்கும். பிடித்து இழுத்தால் வேரோடு என்னென்ன மேலே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீ வைத்துவிடலாம் என்றார் ஒருவர். வேர் மண்ணுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், பளிங்குக் கல் வெடித்தால் யார் பதில் சொல்வது? கடைசியில் கோவையிலிருந்து தூரை அரைக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தோம். ஸ்டம்ப் கிரைண்டர் என்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகிற மாதிரி பெட்ரோல் வண்டி, முன்னால் ஒரு சக்கரம், அதைச் சுற்றி டங்ஸ்டன் கார்பைடு பற்கள். வலமும் இடமுமாக ஆட்டி ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும்.

அரைப்பதற்கு முன் பாதி நாள் போனது. குழி வெட்டும் அண்ணன் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியோடு வந்து தூரைச் சுற்றி ஒவ்வொரு அடிக்கும் குத்திப் பார்த்தார். வெட்டாத மண்ணில் கம்பி நிற்கும், ஒரு தடவை வெட்டி மூடிய மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வேம்புக்குக் கிழக்கே, கல்லும் இல்லை பெயரும் இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில் கம்பி சரசரவென்று இறங்கியது. "தம்பி, இங்க ஆளு இருக்கு. சின்னக் குழி, புள்ளைதான்" என்றார். குழந்தைகளின் குழி ஆழமாக இருக்காது. அந்தப் பக்கம் ஒரு சாணுக்கு மேல் அரைக்கக் கூடாது என்று சுண்ணாம்பில் கோடு போட்டோம்.

பக்கத்துக் கல்லறைகளுக்குப் பழைய பிளைவுட் பலகை சாத்தி, மேலே சாக்கு போட்டோம். அதையும் மீறி ஒரு கல் பறந்து போய் மதில் சுவரில் மோதியது. யாரையும் கிட்டத்தில் விடாதீர்கள்.

தூங்குமூஞ்சி வெண்ணெய் மாதிரிப் போனது. வேம்பில்தான் வம்பு. சர்ரென்று போய்க்கொண்டிருந்த சத்தம் திடீரென்று 'கிணீர்' என்றது. நிறுத்திப் பார்த்தால் மரத்துக்குள் இரும்பு. யாரோ எப்போதோ நட்ட சிலுவையின் அடித்தண்டை மரம் வளர வளர விழுங்கியிருந்தது. பல் இரண்டு போச்சு. இயந்திரக்காரர் முகம் சுளித்துக்கொண்டே மாற்றினார், அதற்குத் தனிக்காசு. பழைய தோட்டம் என்றால் ஆணி, கம்பி, சிலுவை எல்லாம் உள்ளே இருக்கும் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. உளியால் கொத்தி எடுத்த அந்தத் துண்டைத் துடைத்து, அண்ணன் காட்டிய சின்னக் குழியின் தலைமாட்டில் ஊன்றி வைத்தோம். அது அந்தக் குழிக்கு உரியதுதானா என்று பதிவேட்டைப் புரட்டியும் தெரியவில்லை.

அப்புறம் தூள். இவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லை. தூரைவிடப் பெரிய குவியல். அதையே தூர் இருந்த பள்ளத்தில் தள்ளி மூடிவிடச் சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை. மரத்தூள் மக்க மக்க மண் இறங்கும், மேலே புல்லும் சரியாக வராது. சாக்கில் அள்ளித் தென்னந்தோப்புக்குக் கொடுத்துவிட்டு, வண்டல் மண் அடித்துத் தண்ணீர் விட்டு மிதித்தோம். அப்படியும் அடியில் விட்ட வேர்கள் மக்கியதாலோ என்னவோ, மார்கழிக்குள் நாலு விரல் இறங்கிவிட்டது. நல்லவேளை, மிச்ச மண்ணை மதிலோரம் குவித்து வைத்திருந்தோம்.