தாத்தாவின் பத்திரமும் அமெரிக்காவின் ஐம்பது அரசுகளும்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் என் தாத்தா வீடு வாங்கிய பத்திரம் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1109, அதாவது 1933-34, என்று தேதியிட்டு, சங்கு முத்திரை பதித்த தாளில் மலையாளத்தில் எழுதப்பட்டது. அந்த வீட்டில்தான் நான் இன்றும் குடியிருக்கிறேன். செங்கோட்டையில் உள்ள அந்த வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அது திருவிதாங்கூரில் இருந்தது, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தது, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, 1969இல் தமிழ்நாட்டு வீடானது, 2019இல் திருநெல்வேலி மாவட்டத்தை விட்டுத் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. இத்தனை மாற்றங்களிலும் எங்கள் வீட்டில் யாரும் ஒரு பாயைக்கூட மடித்து வைக்கவில்லை.

அமெரிக்க அரசியலைப் பற்றி எழுத வந்தவன் ஏன் பத்திரத்தை எடுக்கிறேன் என்றால், அந்த நாட்டின் அரசமைப்பை எனக்குப் புரிய வைத்தது இந்தப் பத்திரம்தான். பாவூர்சத்திரம் சந்தையில் காய் எடுத்துப் புனலூருக்கு அனுப்பும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்கியது. "அண்ணாச்சி, கூடுதல் ஓட்டு வாங்கினவங்க தோத்துப் போகலாமாமே, அது எந்த ஊர் நியாயம்?" என்றார். அவர் சொன்னது உண்மை. 2000இல் அல் கோர் நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் கூடுதலான வாக்குகள் பெற்றும் புஷ்ஷிடம் தோற்றார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் கூடுதலாக வாங்கியும் டிரம்ப் அதிபரானார்.

நாம் அதை ஒரே தேர்தல் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அங்கே நடப்பது ஐம்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்தும் 51 தேர்தல்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு. மொத்தம் 538 பேர், அவர்களில் 270 பேரைப் பெற்றவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில், ஒரே ஒரு வாக்கு முந்தினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுவதும் முந்தியவருக்கே. ஆகவே ஒரு பெரிய மாநிலத்தில் பல லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கிக் குவித்தாலும், அடுத்த மாநிலத்தில் சில ஆயிரம் வாக்குகளில் பிந்தியதை அது ஈடு செய்யாது. இதைச் சொன்னதும் நண்பர், "அப்போ ஓட்டுப் போடுறது ஆளா, மாநிலமா?" என்றார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

'மாநிலம்' என்ற நம் சொல்லே அங்கே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் 'ஸ்டேட்' என்பது ஏறத்தாழ 'அரசு' என்ற பொருளில்தான். 1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்பை எழுதியவர்கள், ஏற்கெனவே தனித்தனிச் சட்டமன்றமும் ஆட்சியும் கொண்டிருந்த அரசுகளின் பேராளர்கள். பதின்மூன்றில் ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவே இல்லை; ஒன்றியத்தின் அரசமைப்பை அது ஏற்றுக்கொண்டது 1790இல்தான். மாசசூசெட்ஸின் சொந்த அரசமைப்பு 1780இல் எழுதப்பட்டது. ஒன்றியத்தின் அரசமைப்புக்கு மூத்த அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ தனி அரசமைப்பு என்று நாம் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. சொந்த நாணயமாகச் சக்கரமும், சொந்தத் தபாலாக அஞ்சலும் வைத்திருந்த திருவிதாங்கூரைக் கண்ட என் தாத்தாவுக்கு இது எளிதில் புரிந்திருக்கும்.

அப்படி வந்தவர்கள் தங்கள் பங்கை எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார்கள். காங்கிரஸ் என்பது அங்கே கட்சியன்று, நாடாளுமன்றம். அதில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவை மக்கள் தொகைப்படி அமையும். செனட்டிலோ மாநிலத்துக்கு இரண்டு பேர், பெரிது சிறிது என்ற பேச்சே கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 95 லட்சம் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, 5 லட்சத்து 76 ஆயிரம் பேர் வாழும் வயோமிங்குக்கும் இரண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொல்லம் மாவட்டத்தில் 2011இலேயே 26 லட்சம் பேர். வயோமிங் அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, கேரளத்துக்கு 9 என்று ஆள்கணக்கு ஓரளவு பேசுகிறது. அங்கே அந்தச் சம உரிமையை அந்தந்த மாநிலத்தின் ஒப்புதலின்றிப் பறிக்கக் கூடாது என்று அரசமைப்பைத் திருத்தும் பிரிவிலேயே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். தேர்வாளர் எண்ணிக்கையும் இந்த இரு அவை உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டி வருவதுதான் என்பதால், வயோமிங்குக்கு மூன்று பேர் கிடைத்துவிடுகிறார்கள்.

ஆளுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர் அவர். அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. கேரளத்தின் முதல் அமைச்சரவை 1959 ஜூலை 31 அன்றும், தமிழ்நாட்டு அமைச்சரவை 1976 ஜனவரி 31 அன்றும் டெல்லியின் ஆணையால் கலைக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு, அப்படி ஓர் அதிகாரமே இல்லாத ஒன்றியம் வியப்பாகத்தான் தோன்றும்.

என் பத்திரத்துக்கு வருகிறேன். நம் அரசமைப்பின் மூன்றாவது பிரிவு, எந்த மாநிலத்தின் எல்லையையும் மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டும் என்பதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. அமெரிக்காவிலோ ஒரு மாநிலத்தைப் பிரித்து இன்னொன்றை உண்டாக்க அந்த மாநிலச் சட்டமன்றமே சம்மதிக்க வேண்டும். மாசசூசெட்ஸ் சம்மதித்ததால்தான் 1820இல் மெய்ன் தனி மாநிலமானது. உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல், ஒன்றியத்தை விட்டு விலகியிருந்த வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியாவைப் பிரித்தபோதுகூட, ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரு சிறு வர்ஜீனிய அரசிடம் கையெழுத்து வாங்கி முறையை நிறைவேற்றிக்கொண்டார்கள். போர் முடிந்தபின் 1869இல் டெக்சஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத ஒன்றியம் என்பது. நம்முடையதில் ஒன்றியத்தை மட்டுமே அழிக்க முடியாது.

எல்லா மாநிலங்களும் அப்படி மூத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. ஐம்பதில் 37 பின்னால் சேர்க்கப்பட்டவை. அவற்றில் பலவற்றை காங்கிரஸே வரைபடத்தில் கோல் வைத்துக் கோடிழுத்து உண்டாக்கியது. வயோமிங்கும் கொலராடோவும் பார்வைக்குப் பெட்டி போலவே இருக்கும். மொழி, சாதி, ஆறு எதுவும் கேட்காமல் இழுத்த கோடு. ஆனால் மாநிலம் என்று ஏற்றுக்கொண்டபின் இழுத்தவர்களாலேயே அதைத் தனித்து நகர்த்த முடியாது.

இந்த உறுதியைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் அரசமைப்பில் அந்த ஒரு வரி அமெரிக்க முறைப்படி அமைந்திருந்தால், திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றம் சம்மதித்தால்தான் செங்கோட்டையும் குமரி மாவட்டமும் இந்தப் பக்கம் வந்திருக்கும். தமிழ்ப் பகுதிகளைப் பிரிக்கக் கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடத்திய அரசு அது. அதன் சட்டமன்றம் எப்போது சம்மதித்திருக்கும்? மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறிய 1956 ஆகஸ்டில் அங்கே சட்டமன்றமே இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சிதான் நடந்தது. நான் தமிழில் பள்ளிக்கூடம் படித்தது அந்த அதிகாரத்தின் பயன். அதே அதிகாரம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் அந்தப் பக்கமே வைத்தது. அங்குள்ள தோட்டங்களில் வேலை செய்யும் என் உறவினர்கள் அதைப் பற்றி வேறு கதை சொல்வார்கள்.

ரயிலடியில் கொல்லம் வண்டிக்காகக் காத்திருந்தபோது நண்பரிடம் ஒரேகானைப் பற்றிச் சொன்னேன். அந்த மாநிலத்தின் கிழக்கில் உள்ள பத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள், அதாவது மாவட்டம் போன்றவை, பக்கத்து ஐடஹோவுடன் சேரும் முயற்சிக்கு ஆதரவாக 2020 முதல் வாக்களித்திருக்கின்றன. அவர்களுக்கும் எல்லைதான் பிரச்சினை. மொழி ஒன்றுதான், அரசியல் வேறு. ஆனால் ஒரேகான் சட்டமன்றமும் ஐடஹோ சட்டமன்றமும் காங்கிரஸும் மூன்றும் சம்மதிக்க வேண்டும். ஒரேகான் சட்டமன்றம் இருப்பது சேலத்தில்.

"நம்ம சேலமா?" என்றார்.

பெயர் மட்டும் அதுதான் என்றேன். வண்டி வந்துவிட்டது. படியில் ஏறி நின்று, "அந்த ஆளுக யாருகிட்ட மனு கொடுப்பாங்க, அண்ணாச்சி?" என்று கேட்டார். எந்தச் சட்டமன்றத்தை விட்டுப் போக வேண்டும் என்கிறார்களோ, அதனிடம்தான் என்று சொன்னேன்.